ஃபயர்ஃப்ளை: முதல் எபிசோட் கடைசியில் ஒளிபரப்பானபோது – ஒரு நிகழ்வு ஆய்வு

2002 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபயர்ஃப்ளை' என்ற விண்வெளித் தொடர் தொடங்கியது. அன்று வந்த 'தி டிரெயின் ஜாப்' கதைப்படி இரண்டாவது எபிசோட். முதலில் எழுதி, முதலில் படம்பிடித்த 'செரினிட்டி' டிசம்பர் 20 அன்று ஒளிபரப்பானது. அதோடு ஃபாக்ஸில் தொடர் முடிந்தது. எடுத்தவை 14 எபிசோட், ஒளிபரப்பானவை 11. எந்தக் கப்பல், யார் ஏறினார்கள், ஏன் ஏறினார்கள் என்று சொல்வதற்காகவே எழுதிய பகுதியை, தொடரை மூடும் இரவில் பார்த்தார்கள் ரசிகர்கள்.

இதைப் பற்றிப் பேசும் எல்லோரும் ஒரே வரியைச் சொல்வார்கள்: வரிசையை மாற்றியதால் யாருக்கும் கதை புரியவில்லை. பாதிதான் உண்மை. கதை புரிந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு வேலை, ஒரு சிக்கல், ஒரு தப்பித்தல் என்றுதான் தொடர் கட்டப்பட்டிருந்தது. எந்த வாரம் உள்ளே நுழைந்தாலும் பின்தொடர முடியும். தொலைந்தது வேறு. அந்தக் கப்பலில் யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்ற கணக்கு தொலைந்தது. அது எப்படித் தொலைந்தது என்பதை முதல் சில எபிசோட்களை வைத்து இங்கே பிரித்துப் பார்க்கலாம்.

களமும் ஆட்களும்

கதை நடப்பது 2517இல். பூமியை விட்டு வெளியேறிய மனிதர்கள் வேறொரு மண்டலத்தில் குடியேறியிருக்கிறார்கள். நடுவிலுள்ள பணக்காரக் கோள்களை ஆளும் அலையன்ஸ் அரசு, விளிம்புக் கோள்களையும் தன் கீழ் கொண்டுவரப் போர் தொடுத்து வென்றுவிட்டது. போர் முடிந்து ஆறு வருடம். தோற்ற படையில் சார்ஜெண்டாக இருந்த மால் ரெனால்ட்ஸ் ஒரு பழைய சரக்குக் கப்பலை வாங்கி, தன் படை அழிந்த பள்ளத்தாக்கின் பெயரான செரினிட்டியை அதற்கு வைத்திருக்கிறான். கிடைத்த வேலையைச் செய்வான். சட்டப்படியான வேலை கிடைத்தால் சந்தோஷம், கிடைப்பதில்லை.

தொடரை உருவாக்கியவர் ஜாஸ் வீடன். எழுத்திலும் தயாரிப்பிலும் அவருக்கு வலது கையாக இருந்தவர் டிம் மினியர். நடிகர்கள் ஒன்பது பேர், ஒன்பது பேரும் முதன்மைப் பாத்திரங்கள். முதல் எபிசோடிலேயே இத்தனை பேரை இறக்கும் தொடர்கள் பெரும்பாலும் மூன்று நான்கு பேரை மட்டும் முன்னால் நிறுத்தி, மற்றவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும். ஃபயர்ஃப்ளை அப்படிச் செய்யவில்லை. ஒன்பது பேரையும் இரண்டு தொகுதியாகப் பிரித்துக்கொண்டது.

முதல் தொகுதி ஏற்கெனவே கப்பலில் இருப்பவர்கள். மால் (நேதன் ஃபில்லியன்). போரில் அவனோடு நின்ற ஸோயி (ஜீனா டோரஸ்), இன்றும் அவனை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறாள். அவள் கணவனும் கப்பல் ஓட்டுபவனுமான வாஷ் (ஆலன் டுடிக்), போருக்குச் சம்பந்தமில்லாதவன். எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் கெய்லீ (ஜூவல் ஸ்டெய்ட்). அடியாள் ஜேன் காப் (ஆடம் பால்ட்வின்). கப்பலின் சிறு ஓடம் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்யும் இனாரா (மொரீனா பாக்கரின்). அவள் உரிமம் பெற்ற 'கம்பேனியன்', அதாவது கணிகை; அந்தச் சமூகத்தில் மேல்தட்டு மதிப்புள்ள தொழில். கப்பலில் இருப்பவர்களிலேயே மரியாதைக்குரிய வேலை செய்பவள் அவள்தான். இது நகைச்சுவையாகவும் பயன்படுகிறது, பல இடங்களில் தப்பிக்கும் வழியாகவும் பயன்படுகிறது.

இரண்டாம் தொகுதி, முதல் எபிசோடில் பயணிகளாக ஏறுபவர்கள். ஷெப்பர்ட் புக் (ரான் கிளாஸ்) மதபோதகர், ஆனால் ஒரு போதகருக்குத் தெரியக்கூடாத பல விஷயங்கள் அவருக்குத் தெரிகின்றன. அறுவை மருத்துவர் சைமன் டாம் (ஷான் மெஹர்). அவன் கொண்டுவரும் பெரிய பெட்டிக்குள் உறைநிலையில் இருக்கும் தங்கை ரிவர் (சம்மர் கிளா). அரசு நடத்திய ஒரு கல்விக்கூடத்தில் அவள் மூளையில் கைவைத்திருக்கிறார்கள். அண்ணன் பணத்தைக் கொட்டி, தன் வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு அவளை மீட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறான்.

ஆறு பேர் உள்ளே, மூன்று பேர் புதிதாக ஏறுகிறார்கள். பார்வையாளரும் அந்த மூன்று பேரோடு சேர்ந்துதான் கப்பலில் ஏறுகிறார்.

'செரினிட்டி' எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது

பள்ளத்தாக்குப் போரில் தொடங்குகிறது. மால் தன் ஆட்களிடம் வான்படை உதவிக்கு வரும் என்று சொல்லிச் சொல்லிப் பிடித்து நிறுத்துகிறான். கழுத்துச் சிலுவையை முத்தமிடுகிறான். மேலிடத்திலிருந்து வரும் பதில், யாரும் வரமாட்டார்கள், ஆயுதத்தைக் கீழே போடுங்கள். அந்த முகத்தோடு வெட்டினால் ஆறு வருடம் கழித்து அதே ஆள், விண்வெளியில் ஒரு சிதைந்த கப்பலிலிருந்து சரக்கைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறான். நம்பிக்கை வைத்து ஏமாந்த மனிதன் என்பதை வசனத்தில் யாரும் சொல்லத் தேவையில்லை. பிற்பாடு புக் சாப்பாட்டு மேசையில் பிரார்த்தனை செய்யக் கேட்கும்போது, வாய்க்குள் சொல்லிக்கொள்ளலாம் என்று மால் தடுப்பதன் பொருள் இங்கிருந்துதான் வருகிறது.

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் எபிசோட் நிதானமாகத்தான் போகிறது. திருடிய சரக்கில் அலையன்ஸ் முத்திரை இருப்பதால், வாங்குவதாகச் சொன்ன பேட்ஜர் கைவிரிக்கிறான். வேறு விலையாள் தேடி தூரத்து நிலவு ஒன்றுக்குப் போக வேண்டும்; செலவை ஈடுகட்டப் பயணிகளை ஏற்ற வேண்டும். பெர்சிஃபனி கோளின் துறைமுகத்தில் கெய்லீ கப்பல் வாசலில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். புக் ஏறுவது அந்தச் சிரிப்புக்காகத்தான். பயணக் கட்டணத்தின் ஒரு பகுதியாக அவர் கொடுப்பது தோட்டத்தில் விளைந்த ஸ்ட்ராபெர்ரி பழங்கள்.

பயணிகளில் ஒருவன் அலையன்ஸ் உளவாளி என்று தெரிகிறது. எல்லோரும் சைமனைச் சந்தேகிக்கிறார்கள். மால் அவன் முகத்தில் ஒரு குத்தும் விடுகிறான். உண்மையான உளவாளி டாப்சன் துப்பாக்கியை எடுக்கிறான், அந்தச் சமயம் பார்த்து உள்ளே வரும் கெய்லீயின் வயிற்றில் குண்டு பாய்கிறது.

எபிசோடின் அச்சாணி இதற்கடுத்த சில நிமிடங்கள். கெய்லீயைக் காப்பாற்றக்கூடியவன் சைமன் ஒருவன்தான். அவன் கையை வைக்க மறுக்கிறான். கப்பலை அலையன்ஸிடம் ஒப்படைக்காமல் ஓட்டினால்தான் சிகிச்சை, இல்லாவிட்டால் இல்லை. படித்த, மென்மையான, சட்டையில் மடிப்புக் கலையாத பையன், ஒரு பெண் ரத்தம் சிந்திக்கொண்டிருக்கும்போது பேரம் பேசுகிறான். மால் பணிகிறான். கப்பல் திரும்புகிறது. அந்த இடத்திலிருந்து இந்த இருவருக்கும் இடையே ஒரு கணக்கு திறக்கப்படுகிறது, அது தொடர் முழுக்க மூடப்படுவதில்லை. கெய்லீக்கும் சைமனுக்கும் இடையே பின்னால் வரும் ஈர்ப்புக்கு அடியிலும் இதுவே இருக்கிறது. அவளைப் பிழைக்கவைத்த கைதான் அவளைச் சாகவிடுவேன் என்றும் மிரட்டியது.

முடிவில் மால் சைமனுக்கு வேலை தருகிறான். தூங்கும்போது கொன்றுவிட மாட்டாய் என்று எப்படி நம்புவது என்று சைமன் கேட்க, உன்னைக் கொல்வதாக இருந்தால் நீ விழித்திருப்பாய், என் முகத்துக்கு நேரே நிற்பாய், உன் கையிலும் ஆயுதம் இருக்கும் என்பதுதான் மாலின் பதில். ஒப்பந்தம் அவ்வளவே.

அதே முடிவுப் பகுதியில் இன்னொரு சிறு உரையாடல், ஒரு நிமிடம்கூட இருக்காது. டாப்சன் ஜேனுக்குப் பணம் காட்டியிருந்தான். நீ ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்கிறான் மால். பணம் போதவில்லை என்கிறான் ஜேன். போதுமான அளவு வந்தால்? அது சுவாரஸ்யமான நாளாக இருக்கும் என்று சொல்லிவிட்டு ஜேன் நகர்கிறான். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

குறைகளும் இருக்கின்றன. இனாராவுக்கு இந்த எபிசோடில் அறிமுகம் இருக்கிறதே தவிர வேலை இல்லை. மனிதர்களைத் தின்னும் ரீவர் கும்பலை ஸோயி வார்த்தையால் விவரிப்பது ரத்தத்தை உறையவைக்கிறது, ஆனால் அவர்களின் கப்பல் வந்து போகும் இரண்டு முறையும் பதற்றம் மட்டும் மிஞ்சுகிறது. பேட்ஜர், டாப்சன், தூரத்து நிலவில் சரக்கை வாங்கவிருக்கும் பேஷன்ஸ், ரீவர் என்று எதிரிகள் நான்கு திசையில் நிற்கிறார்கள். யாருக்குப் பயப்படுவது என்பதே முதல் பார்வையில் தெளிவில்லை.

ஃபாக்ஸின் ஆட்சேபமும் வார இறுதித் திரைக்கதையும்

ஃபாக்ஸ் அதிகாரிகள் 'செரினிட்டி'யைப் பார்த்துவிட்டுச் சொன்னது: மெதுவாகப் போகிறது, நாயகன் கடுகடுவென்று இருக்கிறான், சண்டை போதாது. இன்னொரு தொடக்க எபிசோட் வேண்டும். வெள்ளிக்கிழமை கேட்டார்கள், திங்கட்கிழமை காலை திரைக்கதை மேசையில் இருக்க வேண்டும். வீடனும் மினியரும் அந்த வார இறுதியில் உட்கார்ந்து எழுதியதுதான் 'தி டிரெயின் ஜாப்'. ஸோயியும் வாஷும் கணவன் மனைவியாக இருப்பதும் அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. அதில் மட்டும் வீடன் விட்டுக்கொடுக்கவில்லை.

இதில் ஃபாக்ஸை மொத்தமாக முட்டாளாக்கிப் பேசுவது ரசிகர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கொஞ்சம் நியாயமாகப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை இரவு ரிமோட்டைக் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கு, தோற்ற போர், முத்திரை குத்திய சரக்கு, துறைமுகப் பேரம் என்று முக்கால் மணி நேரம் ஓட்டுவது பெரிய சூதாட்டம். அவர்கள் கண்ட குறை உண்மையானது. மருந்துதான் தவறு. 'செரினிட்டி'யை இறுக்கி வெட்டச் சொல்லாமல், அதைத் தூக்கி வைத்துவிட்டு, அது செய்த வேலையையெல்லாம் 44 நிமிட ரயில் கொள்ளைக்குள் திணிக்கச் சொன்னார்கள்.

திணித்த விதத்தைக் கவனித்தால் எழுத்தாளர்களின் திறமையும் தெரியும், தையல் தடமும் தெரியும். முதல் காட்சி ஒரு குடிக்கூடம். அலையன்ஸ் வென்ற நாளைக் கொண்டாடிக் குடிப்பவர்களோடு மால் கைகலக்கிறான். ஒரே சண்டையில் போர் நடந்தது, இவன் தோற்ற பக்கம், ஆறாத ஆள், ஸோயி அவன் பக்கத்துச் சிப்பாய், ஜேன் பலம் மட்டும் உள்ளவன், வாஷ் கப்பலோடு வந்து காப்பாற்றுபவன் என்று ஐந்து தகவல் வந்துவிடுகின்றன. அடுத்து, ரிவர் கெட்ட கனவிலிருந்து அலறி எழுகிறாள், சைமன் தேற்றுகிறான்: மருத்துவன், நோயாளித் தங்கை, பின்னால் ஒரு கொடுமை. இனாரா கெய்லீக்குத் தலை வாரிவிடுகிறாள்: இருவரும் தோழிகள், மாலைப் பற்றி இனாரா மனதில் ஏதோ இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஒன்பது பேரும் வந்துவிடுகிறார்கள். தகவல் பரிமாற்றமாக இதைவிடச் சிக்கனமாகச் செய்ய முடியாது.

கதையும் இறுக்கமானது. நிஸ்கா என்ற கொடூரமான தாதா ஓடும் ரயிலிலிருந்து ஒரு சரக்கைத் திருடித் தரச் சொல்கிறான். சொன்னபடி செய்யாதவன் என்ன ஆவான் என்பதற்கு ஒரு உடலையும் தொங்கவிட்டுக் காட்டுகிறான். ரயிலில் ஏறிய பிறகுதான் ஒரு பெட்டி நிறைய அலையன்ஸ் சிப்பாய்கள் இருப்பது தெரிகிறது. ஜேன் மேலே பறக்கும் கப்பலிலிருந்து கயிற்றில் இறங்கிச் சரக்கைத் தூக்குகிறான், காலில் குண்டு வாங்குகிறான். மாலும் ஸோயியும் ரயிலோடு பாரடைசோ என்ற சுரங்க ஊரில் மாட்டிக்கொள்கிறார்கள். திருடியது அந்த ஊர் நோயாளிகளுக்கு வரவேண்டிய மருந்து என்று அங்கேதான் தெரிகிறது. இனாரா தன் பட்டும் பதவியுமாக வந்து இறங்கி, இந்த ஆள் என்னிடம் கொத்தடிமை, ஓடிவந்துவிட்டான் என்று மாலை ஒரு அறை அறைந்து இருவரையும் மீட்டுக்கொண்டு போகிறாள். மருந்து திருப்பித் தரப்படுகிறது. நிஸ்காவின் பகை சம்பாதிக்கப்படுகிறது. கடைசியில் நீலக் கையுறை அணிந்த இரண்டு பேர் ரிவரைத் தேடுகிறார்கள்.

ஆனால் ஒன்று குறிப்பிட வேண்டும். சரியான வரிசையில் பார்க்கும்போதும் இந்த எபிசோடின் முதல் கால் மணி நேரம் கொஞ்சம் அலுப்பூட்டும், நமக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்கிறார்களே என்று தோன்றும். அது கவனக்குறைவில்லை. இதையே தொடக்கமாகப் பார்க்கப்போகிறவர்களுக்காக எழுதியது.

இரண்டு கொலைகள்

வரிசை மாற்றம் மாலை என்ன செய்தது என்பதைப் பார்க்க, இரண்டு எபிசோடிலும் அவன் செய்யும் ஒவ்வொரு கொலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

'செரினிட்டி'யில், கட்டை அவிழ்த்துக்கொண்ட டாப்சன் ரிவரின் தலையில் துப்பாக்கியை வைத்து நிற்கிறான். பின்னால் ரீவர் கப்பல் துரத்திக்கொண்டு வருகிறது. சைமன் செய்வதறியாமல் நிற்கிறான், டாப்சன் கெடு விதிக்கிறான். இது பேரம் பேசும் காட்சி என்று எந்தத் தொலைக்காட்சி ரசிகருக்கும் பழக்கம். மால் சரிவுப் பலகை வழியே ஏறி வருகிறான், பார்க்கிறான், சுடுகிறான், நடையை நிறுத்தவே இல்லை. டாப்சனின் உடலைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டுக் கப்பல் கிளம்புகிறது. இறந்தவன் அரசு அதிகாரி. யாரும் சிரிக்க முடியாது, கைதட்டவும் கொஞ்சம் தயக்கமாக இருக்கும்.

'தி டிரெயின் ஜாப்'பில், நிஸ்காவின் ஆள் க்ரோவைக் கட்டிவைத்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, இதோடு விட்டுவிடுவோம் என்று மால் நாகரிகமாகச் சொல்கிறான். உன்னைத் தேடிவந்து கொல்வேன் என்கிறான் க்ரோ. மால் ஒரு உதை விடுகிறான். க்ரோ ஓடும் எஞ்சினுக்குள் போய்விடுகிறான். அடுத்த ஆளை அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி அதே பேச்சைத் தொடங்குவதற்குள் அவன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டுகிறான். அரங்கமே சிரிக்கும்.

இரண்டும் ஒரே குணம்தான், நேரத்தை வீணாக்காத குரூரம். டாப்சனை முதலில் பார்த்தவருக்கு க்ரோவின் சாவில் சிரிப்போடு ஒரு குளிரும் சேர்ந்து வரும். இந்த ஆள் இப்படித்தான் என்று தெரியும். க்ரோவை முதலில் பார்த்தவருக்கு மால் ஒரு குறும்புக்காரக் கொள்ளைக்காரன். ஃபாக்ஸ் கேட்டதும் அதுதான், கிடைத்ததும் அதுதான். பிரச்சினை என்னவென்றால் அடுத்த பன்னிரண்டு எபிசோடும் 'செரினிட்டி'யின் மாலுக்காக எழுதப்பட்டவை.

எங்கே அறுந்தது

ஒளிபரப்பு வரிசை இது: 'தி டிரெயின் ஜாப்' செப்டம்பர் 20, 'புஷ்வாக்ட்' 27, 'அவர் மிஸஸ் ரெனால்ட்ஸ்' அக்டோபர் 4, 'ஜேன்ஸ்டவுன்' 18, 'அவுட் ஆஃப் கேஸ்' 25, 'ஷிண்டிக்' நவம்பர் 1, 'சேஃப்' 8, 'ஏரியல்' 15, 'வார் ஸ்டோரீஸ்' டிசம்பர் 6, 'ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்' 13, 'செரினிட்டி' 20. பதினான்கு வெள்ளிக்கிழமைகளில் மூன்று வெள்ளி தொடரே இல்லை.

இப்போது ஜேனின் அந்த வரிக்கு வரலாம். நவம்பர் 15 அன்று வந்த 'ஏரியல்' எபிசோடில் அந்த சுவாரஸ்யமான நாள் வருகிறது. ஒரு பெரிய மருத்துவமனையில் மருந்து கொள்ளையடிக்கத் திட்டம் போட்டுத் தருகிறான் சைமன். பதிலுக்கு ரிவரை அங்குள்ள கருவியில் வைத்துப் பரிசோதிக்க வேண்டும். அண்ணன் தங்கை இருவரையும் ஜேன் பணத்துக்கு விற்றுவிடுகிறான். விஷயம் தெரிந்த மால் அவனை அடித்து வீழ்த்திக் கப்பலின் வெளிக்கதவறையில் பூட்டுகிறான், கப்பல் மேலேறிக்கொண்டிருக்கிறது. என் ஆட்களில் ஒருவருக்குச் செய்தால் எனக்குச் செய்தது என்பது அவன் வாதம். ஜேன் கடைசியில் உயிரைக் கேட்பதில்லை. தான் செய்ததை மற்றவர்களிடம் சொல்லாதே என்று மட்டும் கேட்கிறான். அதற்காகத்தான் மால் திறந்திருந்த வெளிக்கதவை மூடி அவனை உயிரோடு விடுகிறான்.

தொடரின் மிக நல்ல காட்சிகளில் ஒன்று. ஆனால் இதற்கு வித்திட்ட உரையாடல் பார்வையாளருக்குக் கிடைத்தது டிசம்பர் 20. ஐந்து வாரம் கழித்து. அன்று அந்த வரியைக் கேட்டவர்களுக்கு அது முன்னெச்சரிக்கை இல்லை, ஏற்கெனவே முடிந்துபோன விஷயத்தைப் பற்றிய ஒரு கேலி.

மாலுக்கும் சைமனுக்கும் இடையிலான கணக்கும் இப்படியே. எழுதிய வரிசையில் அது மூன்று படி. 'செரினிட்டி'யில் வேண்டாவெறுப்பாகப் போடும் ஒப்பந்தம். 'சேஃப்'பில் அதற்குச் சோதனை: அண்ணனையும் தங்கையையும் மலைவாசிகள் கடத்திப்போக, புக் குண்டடிபட்டுக் கிடப்பதால் மால் அவர்களை விட்டுவிட்டுப் பறக்கிறான், பிறகு ரிவரைச் சூனியக்காரி என்று கட்டிவைத்து எரிக்கப்போகும் நேரத்தில் திரும்பி வருகிறான். உனக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காதே, ஏன் வந்தாய் என்று சைமன் கேட்கிறான். நீ என் கப்பல் ஆள், இதில் பேச என்ன இருக்கிறது என்கிறான் மால். மூன்றாவது படி 'ஏரியல்': அதே விதியை மால் தன் பழைய ஆளுக்கு எதிராகவே நிறுத்துகிறான். ஒளிபரப்பில் வந்தது இரண்டு, மூன்று, ஒன்று. இரண்டாம் மூன்றாம் படி அடுத்தடுத்த வாரம் வந்ததால் அவற்றுக்குள் ஓட்டம் இருந்தது, ஆனால் 'சேஃப்'பில் சைமன் ஏன் அப்படி ஆச்சரியப்படுகிறான் என்பதற்குப் பிடி இல்லை. இந்த இருவரும் ஒருவரையொருவர் மிரட்டித்தான் அறிமுகமானார்கள் என்பதை யாரும் பார்த்திருக்கவில்லை.

சிறிய சேதங்கள் பல. 'ஷிண்டிக்'கில் பேட்ஜர் பழைய பகையோடு வந்து நிற்கிறான். நவம்பர் 1 அன்று அவன் யாரென்று பார்வையாளருக்குத் தெரியாது. மார்க் ஷெப்பர்ட் அந்தப் பாத்திரத்தை அனாயாசமாகச் செய்ததால் காட்சி நொண்டவில்லை, அவ்வளவுதான். 'அவர் மிஸஸ் ரெனால்ட்ஸ்' மூன்றாவது வாரத்துக்கு ஏன் தாவியது என்பது வெளிப்படை, தொடரிலேயே மிகச் சிரிப்பான எபிசோட் அது. மாலுக்குத் தெரியாமலே ஒருத்தி மனைவியாகிக் கப்பலில் வந்துவிடுகிறாள். ஆனால் அதில் மால், இனாரா இருவருக்கும் இடையே வெளிப்படும் தவிப்பு, 'ஷிண்டிக்'கில் அவளுக்காக அவன் வாள் சண்டைக்கு நின்ற பிறகு வரவேண்டியது. சண்டை நான்கு வாரம் தள்ளி வந்தது.

எது பிழைத்தது, ஏன்

நிஸ்கா பிழைத்தான். 'தி டிரெயின் ஜாப்'பில் தொடங்கிய பகை 'வார் ஸ்டோரீஸ்'ஸில் சித்திரவதையாகத் திரும்பி வரும்போது, இரண்டும் சரியான வரிசையில் வந்திருந்தன. முதலில் ஒளிபரப்பான எபிசோடில் காட்டிய அந்தத் தொங்கும் உடல் பதினொரு வாரம் கழித்தும் வேலை செய்தது.

'புஷ்வாக்ட்' எதிர்பாராத விதமாகப் பிழைத்தது. கைவிடப்பட்ட குடியேற்றக் கப்பல் ஒன்றில் ரீவர் கும்பல் செய்த கொலைகளைக் கண்டுபிடிக்கிறார்கள்; அலையன்ஸ் தளபதி வந்து எல்லோரையும் பிடித்துத் தனித்தனியாக விசாரிக்கிறான். விசாரணைகளைத் துண்டு துண்டாக வெட்டிக் கோத்திருக்கிறார்கள். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் ஸோயி அது உங்கள் வேலையில்லை என்று வாயை மூடிக்கொள்கிறாள். அதே கேள்விக்கு வாஷ் அவள் கால் அழகைப் பற்றி நிறுத்தாமல் பேசுகிறான். ஜேன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. 'செரினிட்டி' இல்லாமல் உள்ளே நுழைந்தவருக்கு இந்தச் சில நிமிடங்களே கப்பல் ஆட்களின் அடையாள அட்டையாக ஆயின. அதே நேரத்தில் சைமனும் ரிவரும் விண்வெளி உடையில் கப்பலின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு ஒளிந்திருக்கிறார்கள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறான், அவள் நட்சத்திரங்களைப் பார்த்து மலர்ந்துபோய் நிற்கிறாள். ரிவரைப் பைத்தியக்காரியாக மட்டும் பார்க்கவிடாமல் செய்த முதல் ஷாட் அது. வசனம் கிடையாது. விண்வெளிக் காட்சிகளில் சத்தமே வைக்காத தொடர் இது. அந்த முடிவு இங்கே கைகொடுக்கிறது.

'அவுட் ஆஃப் கேஸ்' தனி வகை. எஞ்சினின் ஒரு பாகம் செயலிழந்து, தீப்பிடித்து, மூச்சுக்காற்று தீர்ந்துகொண்டிருக்கும் கப்பலில் குண்டடிபட்ட மால் தனியாக ஊர்ந்து போகிறான். இடையிடையே இரண்டு அடுக்குப் பின்னோக்கு: விபத்து எப்படி நடந்தது, இந்த ஆட்கள் ஒவ்வொருவரும் எப்படிச் சேர்ந்தார்கள். மீசை வைத்த வாஷைப் பார்த்து ஸோயிக்கு எரிச்சல் வருகிறது. ஜேன் துப்பாக்கி முனையில் மாலை நிறுத்தி வைத்திருக்கும்போதே, கூடுதல் பங்கும் தனி அறையும் தருவதாகச் சொன்னதும் தன் கூட்டாளியைச் சுட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்துவிடுகிறான். அக்டோபர் 25 அன்று, பலருக்கும் இதுதான் உண்மையான முதல் எபிசோடாக அமைந்தது. ஆனால் இது சொல்வது பழைய ஆறு பேரின் கதையை மட்டும். புக், சைமன், ரிவர் மூவரும் எப்படி வந்தார்கள் என்பதை இது தொடுவதில்லை, ஏனென்றால் அது 'செரினிட்டி'யின் பங்கு. இரண்டும் சேர்ந்துதான் ஒன்பது. பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ரசிகர்கள் எட்டு வாரம் ஓட்டினார்கள். விலைபோகும் ஜேனை இங்கே பார்த்திருந்ததால்தான் 'ஏரியல்' ஒளிபரப்பில் முழுவதும் நொறுங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பார்வையாளர் எண்ணிக்கை சராசரியாக 47 லட்சம், அந்த ஆண்டு அமெரிக்கத் தொடர்களில் 98ஆவது இடம். வரிசையை மாற்றாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல இந்த எண்ணை வைத்து முடியாது. வெள்ளி இரவு, நடுவில் விட்டுப்போன வாரங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஆனால் 2003 டிசம்பர் 9 அன்று 14 எபிசோடும் எழுதிய வரிசையில் டிவிடியாக வந்து நன்றாக விற்று, 2005இல் 'செரினிட்டி' என்ற பெயரிலேயே திரைப்படமும் வந்தது. கடைசியில் ஒளிபரப்பான அந்த எபிசோடுக்கு 2003இல் காட்சி விளைவுகளுக்கான எம்மி விருதும் கிடைத்தது.

இப்போது பார்ப்பவர்களுக்கு

எழுதிய வரிசை: செரினிட்டி, தி டிரெயின் ஜாப், புஷ்வாக்ட், ஷிண்டிக், சேஃப், அவர் மிஸஸ் ரெனால்ட்ஸ், ஜேன்ஸ்டவுன், அவுட் ஆஃப் கேஸ், ஏரியல், வார் ஸ்டோரீஸ், ட்ராஷ், தி மெசேஜ், ஹார்ட் ஆஃப் கோல்ட், ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ். இதில் ட்ராஷ், தி மெசேஜ், ஹார்ட் ஆஃப் கோல்ட் மூன்றும் ஃபாக்ஸில் அந்தப் பருவத்தில் வரவேயில்லை.

எங்கே பார்த்தாலும் முதல் எபிசோடின் நீளத்தைப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, போர்க்களத்தில் தொடங்கினால் சரியான வரிசை. 44 நிமிடம், குடிக்கூடச் சண்டை என்றால் ஒளிபரப்பு வரிசை; கோப்பை மூடிவிட்டு 'செரினிட்டி'யைத் தேடி எடுங்கள். 'செரினிட்டி' ஒரே அமர்வில் பார்க்க வேண்டியது. சில மறு ஒளிபரப்புகளில் இரண்டாக வெட்டியிருப்பார்கள், அப்படியானால் கெய்லீ சுடப்படும் இடத்தில் நிறுத்தாமல் சைமனின் பேரம் முடியும்வரையாவது பாருங்கள். முழுத் தொடருக்கும் நேரமில்லாதவர்கள் 'செரினிட்டி', 'சேஃப்', 'அவுட் ஆஃப் கேஸ்', 'ஏரியல்' நான்கையும் இந்த வரிசையில் பார்த்தால் மால், சைமன், ஜேன் மூவரின் கணக்கும் முழுதாகக் கிடைத்துவிடும். நிஸ்காவும் வேண்டுமென்றால் 'தி டிரெயின் ஜாப்', 'வார் ஸ்டோரீஸ்' இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.